வாய் நாற்றமும் மவுத்வாஷும்
எதிரில் இருப்பவர் லேசாக முகத்தைத் திருப்பினாலே மனசு சுருங்கிவிடுகிறது. வாய் நாற்றத்தோடு வாழ்பவர்களுக்கு இது புரியும்.

குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி 0.2 சதவீதம் உள்ள மவுத்வாஷ் நாற்றத்தை நன்றாகவே அடக்கியது. ஆனால் ருசி மாறிப்போனது, பல்லில் பழுப்புக் கறை படிந்தது. அதனால்தான் அதைக் கொஞ்ச நாளுக்கு மட்டும் தருகிறார்கள். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வாயை உலர்த்தக்கூடும். எச்சில் குறைந்தால் நாற்றம் கூடத்தானே செய்யும்? அப்புறம் துத்தநாகம் சேர்ந்த ஒன்றுக்கு மாறினேன். நாற்றத்துக்குக் காரணமான கந்தக வாயுக்களை அது கட்டிப்போடுகிறது. இப்போது பரவாயில்லை.

அந்த வாயுக்களை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் நாக்கின் பின்பகுதியில்தான் ஒட்டிக்கிடக்கின்றன. நாக்கு வழிப்பானைக் கொஞ்சம் உள்ளே விட்டு இழுத்தால் மஞ்சளாக, கொழகொழவென்று வருகிறது. அதை எடுக்காமல் எதைக் கொப்பளித்தாலும் கொஞ்ச நேரத்துக்குத்தான். ஈறு நோயாலும் நாற்றம் வரும் என்பதால் அடுத்து பல் டாக்டரிடம் ஈறையும் காட்டப் போகிறேன்.