உயிருள்ள கலத்தில் மட்டும் ஒளிரும் சாயம்

இரணைமடுக் குளக்கரையில் ஒதுங்கும் பாசியில் எது உயிரோடு இருக்கிறது, எது செத்துவிட்டது என்று நுணுக்குக்காட்டியில் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கேற்ற சாயம் புளோரெசீன் டைஅசிற்றேற்று. கடையில் வாங்கலாம். ஆனாலும் கிளிநொச்சியிலேயே செய்து பார்ப்போம் என்று இறங்கினேன். சாயத்தைச் செய்தவருக்குத்தான் அதன் குணம் பிடிபடும்.

முதற்படி, 1871இல் ஜேர்மன் இரசாயனவியலாளர் அடொல்ஃப் பேயர் காட்டிய அதே வழி. மோல் கணக்கில் தாலிக் அன்ஹைட்ரைட் ஒரு பங்கு, ரெசோர்சினோல் இரண்டு பங்கு, கொஞ்சம் நாக குளோரைட்டு. 180 பாகைக்கு மேல் சூடாக்க, எல்லாம் உருகிச் செங்கபிலக் குழம்பாகும். எரிசோடாக் கரைசலில் கரைத்து, வடித்து, அமிலம் விட்டால் செம்மஞ்சள் தூள் படியும். அதுதான் புளோரெசீன்.

அதை அப்படியே போட்டால் வேலைக்கு ஆகாது. சுற்றியுள்ள தண்ணீரெல்லாம் பச்சையாக ஒளிரும், கலத்துக்குள்ளும் இலகுவில் போகாது. அதன் இரண்டு ஐதரொட்சில் முனைகளிலும் அசற்றைல் கூட்டங்களை மாட்டினால், நடுவிலுள்ள லாக்ற்றோன் வளையம் மூடிக்கொள்ளும். மூலக்கூறு முழுக்கப் பரவியிருந்த இரட்டைப் பிணைப்புத் தொடர் அறுந்து, நிறமும் ஒளியும் போய்விடும். மின்னேற்றம் இல்லாததால் சவ்வைத் தாண்டி உள்ளே போகும். கலம் உயிரோடு இருந்தால், அங்கே எஸ்ரரேஸ் என்ற நொதியங்கள் அந்த இரண்டு அசற்றைல் பூட்டையும் வெட்ட, புளோரெசீன் திரும்பவும் ஒளிரும். இந்த யோசனையின் அழகுக்காகவே இதைச் செய்யலாம்.

அசற்றிக் அன்ஹைட்ரைட்டோடு கொதிக்கவைத்து, ஐஸ் தண்ணீரில் ஊற்றினேன். ஆய்வுகூட அண்ணை எட்டிப் பார்த்தார்.

“சாயம் எண்டியள், வெள்ளையாக் கிடக்கு?”

“அப்பிடித்தான் அண்ணை வேணும்.”

உண்மையான பாடு சுத்திகரிப்பில்தான். துளி புளோரெசீன் மிஞ்சினாலும் பின்னணி ஒளிர்ந்து படத்தைக் கெடுக்கும். எதனோலில் கரைத்துப் பளிங்காக்கி, கலந்திருக்கும் பொருட்களைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் மெல்லிய படல நிறப்பகுப்புத் தட்டைப் புறஊதா விளக்கில் பிடித்துப் பார்ப்பேன். அடியில் பச்சைப் புள்ளி தெரிந்தால் திரும்பவும் பளிங்காக்கல். புள்ளி மறைந்ததும் தட்டில் எரிசோடாக் கரைசல் தெளித்தேன். காரம் அசற்றைல் பூட்டுகளை உடைக்க, ஒன்றுமில்லாதது போலிருந்த இடத்தில் மஞ்சட்பச்சை பொங்கி வந்தது. அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

வன்னி வெயிலில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தண்ணீரில் இந்தச் சாயம் தானாகவே உடையும். சூடும் காரத்தன்மையும் கூடினால் இன்னும் வேகமாக உடையும். அதனால் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். அசற்றோனில் கரைத்து உறைபெட்டியில் வைத்து, பார்க்கும் நேரத்தில் அமில காரத்தன்மை மாறாமல் வைத்திருக்கும் நடுநிலைத் தாங்கற் கரைசலில் கலக்குவதே சரி.

நீல ஒளியில், மஞ்சள் ஒளிவடிகட்டியூடாகப் பார்த்தால் உயிருள்ள கலங்கள் பச்சை; பச்சையமோ சிவப்பாக ஒளிரும். சிவப்பு மட்டும் தெரியும் கலம் செத்தது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் புளோரெசீன் மெல்ல மெல்லக் கசிந்துவிடுகிறது, படம் எடுக்க அவசரப்பட வேண்டியிருக்கிறது. அதனால் அடுத்து தாலிக் அன்ஹைட்ரைட்டுக்குப் பதிலாக ட்ரைமெலிற்றிக் அன்ஹைட்ரைட் போட்டுக் கார்பொக்சிபுளோரெசீன் செய்யப்போகிறேன். கூடுதலாக ஒரு கார்பொட்சில் கூட்டம் இருப்பதால், அது கலத்துக்குள் கூடுதல் நேரம் தங்கும்.