நோயாளியின் சொல்லும் நான் எழுதிய சொல்லும்: அவசர மருத்துவ உதவியாளர் பயிற்சியில் ஓராண்டு

உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படித்து, மருத்துவ பீடத்துக்கான வெட்டுப்புள்ளியை எட்ட முடியாமற்போன பின்னர், திருகோணமலை நகரிலுள்ள கல்லூரியொன்றில் அவசர மருத்துவ உதவியாளர் பயிற்சிக்குச் சேர்ந்தேன். 2016 இல் இந்திய உதவியுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கப்பட்ட, 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸ் சேவை எங்கள் மாகாணத்துக்கும் வந்துவிட்டிருந்ததால், இது என்ன தொழில் என்று வீட்டாருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

முதல் மாதங்கள் உடற்கூற்றியலிலும் செய்முறைகளிலும் கழிந்தன. நெஞ்சழுத்தம் கொடுக்கும் பயிற்சியைத்தான் உடல் இன்றும் மறக்கவில்லை. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தங்கள், ஆழம் 5 சென்ரிமீற்றருக்குக் குறையாமலும் 6 ஐத் தாண்டாமலும், 30 அழுத்தங்களுக்கு 2 மூச்சு என்று பாடமாக்குவது எளிது. முழங்கையை மடிக்காமல் இரண்டு நிமிடம் தொடர்வதற்குள் வியர்வை பொம்மையின் நெஞ்சில் சொட்டும். களைத்ததும் நான் அதன் மேலேயே சாய்ந்துவிடுவேன். ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுமையாக மேலெழ இடம் கொடுக்காவிட்டால் இதயத்தில் இரத்தம் திரும்ப நிரம்பாது என்று ஆசிரியர் என் மணிக்கட்டைப் பிடித்து உயர்த்திக் காட்டினார். கடலோர ஊர் என்பதால், நீரில் மூழ்கியவருக்கு முதலில் மூச்சுக் கொடுக்க வேண்டும் என்பதையும் பலமுறை செய்வித்தார்.

ஆனால் நான் உண்மையாகவே தடுமாறியது மொழியில்தான். பாடமும் நோயாளியின் விபரத்தாளும் ஆங்கிலத்தில் இருந்தன. நோயாளியோ தன் ஊர்த் தமிழில் பேசுவார். மருத்துவமனைப் பயிற்சிக் காலத்தில் ஓர் இரவு, மூதூர்ப் பக்கத்திலிருந்து வயதான அம்மா ஒருவரை மகன் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு கிண்ணியாப் பாலம் வழியாக வந்தார். 2009 இல் அந்தப் பாலம் திறக்கப்படும் வரை அவ்விடத்தைப் படகுப்பாதையில்தான் கடக்க வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், அன்று அவர் வந்து சேர்ந்த நேரமே பெரிய காரியம்.

"வாயுக் குத்துத் தம்பி, ஓமத்தண்ணி குடிச்சும் போகேல்ல" என்றார். நான் அதை இரைப்பை எரிச்சல் என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டேன். மின்விசிறிக்குக் கீழே இருந்தும் அவருடைய நெற்றியிலும் மேலுதட்டிலும் வியர்வை முத்து முத்தாக நின்றதைப் பார்த்தேன். பார்த்தும் அதன் பொருளை உணரவில்லை. அருகில் நின்ற மூத்த தாதி, "எங்க அம்மா குத்துது, கையை வைச்சுக் காட்டுங்கோ" என்று கேட்டார். அந்த அம்மா கைவிரல்களைப் பொத்தி நடு நெஞ்சில் வைத்தார். பிறகு தாடையைத் தொட்டார். நீண்ட காலமாகச் சீனி வருத்தமும் (நீரிழிவு) இருந்தது. ஈ.சி.ஜி. எடுத்ததும் மாரடைப்பு என்பது தெரிந்தது. வைத்தியரின் பணிப்பில் 300 மில்லிகிராம் அஸ்பிரினை மென்று விழுங்கக் கொடுத்தார்கள். தாதி என் வரியைக் கோடிட்டு வெட்டி, நோயாளி சொன்னதை முதலில் அவருடைய சொல்லிலேயே எழுதி, அதற்குப் பின்னர் கேள்வி கேட்கும்படி சொன்னார்.

அன்று முதல் சட்டைப்பையில் ஒரு சிறு கொப்பி வைத்திருந்தேன். 'களைக்குது' என்பது சிலருக்குச் சோர்வு, பலருக்கு மூச்சு வாங்குவது. 'மயக்கம்' என்பது தலைச்சுற்றாகவும் இருக்கலாம், நினைவு தப்பியதாகவும் இருக்கலாம். 'இழுப்பு' என்றால் ஆஸ்துமாவா வலிப்பா என்று கேட்டே தீர வேண்டும். கந்தளாய்ப் பக்கத்துச் சிங்கள நோயாளிகளுக்காக 'பப்புவ ரிதெனவாத' என்பதையும், நெஞ்சு நோகிறதா என்ற அந்தக் கேள்விக்கு அவர்கள் தரக்கூடிய மறுமொழிகளையும் சேர்த்து எழுதிக்கொண்டேன். என் மதிப்பீட்டில், எங்கள் மாவட்டத்தில் இந்தப் பயிற்சியைத் தரும் எந்தக் கல்லூரியும் இதைத் தனிப் பாடமாகவே வைக்க வேண்டும். இரத்த அழுத்தம் பார்ப்பதற்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியாவது இதற்கு வேண்டும்.

இறுதிச் செய்முறைத் தேர்வில் நோயாளியாக நடித்தவரும் வாயு என்றே சொன்னார். கையுறையை மாட்டிக்கொண்டு, அவருடைய கண்மட்டத்துக்குக் குனிந்து, எந்த இடம் என்று கையை வைத்துக் காட்டச் சொன்னேன்.