உலர் சாம்பலும் முப்பத்தாறு கியூப்களும்

எம்.இ. இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தபோது, சேலத்திலிருந்து எட்டும் தொலைவில் மேட்டூர் அனல் மின் நிலையம் இருப்பதே என் தலைப்பை முடிவு செய்தது. நிலக்கரி எரிந்த புகை, புகைபோக்கியை அடையும் முன் மின்னேற்றப்பட்ட தகடுகளுக்கிடையே செல்லும்போது அதிலுள்ள நுண்துகள்கள் பிடிபட்டு உலர் சாம்பலாகச் சேர்கின்றன. சிமென்ட் ஆலைகள் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் பெரும்பகுதி, சூளையில் சுண்ணாம்புக்கல் சிதையும்போதே வருவது. எரிபொருளை மாற்றினால் மட்டும் அது குறையாது. ஆகவே எம்25 தரக் கான்கிரீட்டில் (28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்க வேண்டியது) சிமென்ட்டின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு இந்தச் சாம்பலை எவ்வளவு வரை சேர்க்கலாம் என்று சோதிக்க முடிவு செய்தேன். பதில் கிடைக்க ஏறத்தாழ ஐந்து மாதங்கள் ஆயின.

முதல் மாதம் வீணானது சாம்பலால்தான். ஒரு வியாபாரி கொண்டுவந்து இறக்கிய மூட்டைகளைப் பிரித்தபோது, சாம்பல் கட்டி கட்டியாகவும் விரலிடையே நறநறவென்றும் இருந்தது. சாம்பலுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 3812-இன்படி 45 மைக்ரான் சல்லடையில் நீர்விட்டுச் சலிக்கும்போது 34 சதவீதத்துக்கு மேல் தங்கக் கூடாது. எனக்கோ பாதிக்கு மேல் தங்கியது. அது உலர் சாம்பலே அன்று, உலையின் அடியில் விழும் பருஞ்சாம்பலோடு தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே அனுப்பப்பட்டுக் குட்டையில் படிந்த ஈரச் சாம்பல் என்பது அதன் பிறகே விளங்கியது. பள்ளம் நிரப்ப அது உதவும். சிமென்ட்டின் இடத்தில் உட்கார அதற்குத் தகுதியில்லை. பின்னர், மூடிய டேங்கர் லாரிகளில் உலர் சாம்பல் வாங்கும் ஒரு செங்கல் தயாரிப்பாளரிடம் கெஞ்சி இரண்டு பீப்பாய் பெற்றேன். முகப்பவுடர் போல் வழுக்கிய அந்தச் சாம்பல் முதல் சோதனையிலேயே தேறியது.

அடுத்த தடங்கல் சிமென்ட்டில் வந்தது. சாதாரண போர்ட்லாண்ட் சிமென்ட் (ஓ.பி.சி.) கேட்டிருக்க, கடைக்காரர் அனுப்பியது போர்ட்லாண்ட் பொசோலானா சிமென்ட், அதாவது பி.பி.சி. அதில் ஆலையிலேயே 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் சேர்த்திருப்பார்கள். எத்தனை சதவீதம் என்று பையிலேயே அச்சிட்டிருக்கும். அதைப் படிக்காமல் மேலும் சாம்பலைக் கொட்டியிருந்தால் என் அட்டவணையில் இருந்த எல்லா விகிதங்களும் பொய்யாகியிருக்கும். மூட்டைகளைத் திருப்பிக் கொடுத்து 53 கிரேடு ஓ.பி.சி. வாங்கினேன்.

கலவைக் கணக்கில் நான் செய்த பிழையை என் வழிகாட்டிப் பேராசிரியர் ஒரே பார்வையில் கண்டுபிடித்தார். கன மீட்டருக்கு 360 கிலோ சிமென்ட்டில் கால் பங்கை, அதாவது 90 கிலோவை, எடுத்துவிட்டு அதே எடைக்குச் சாம்பலைப் போட்டு மற்றவற்றை அப்படியே விட்டிருந்தேன். சிமென்ட்டின் ஒப்படர்த்தி 3.15, சாம்பலுக்கு ஏறத்தாழ 2.2, ஆகவே அதே 90 கிலோ, 29 லிட்டருக்குப் பதிலாக 41 லிட்டர் இடத்தைப் பிடிக்கிறது. கூடுதலாக வரும் அந்த 12 லிட்டருக்கு ஈடாக முப்பது கிலோவுக்குச் சற்று மேல் எம்-சாண்டைக் குறைத்த பிறகே கணக்கு நேரானது.

சாம்பல் இல்லாதது, 15, 25, 35 சதவீதம் என நான்கு கலவைகள். ஒவ்வொன்றுக்கும் 7, 28, 56 நாள்களில் உடைக்க மும்மூன்று கியூப்கள், அதாவது கான்கிரீட் கனசதுரங்கள். முப்பத்தாறும் சேர்ந்து முந்நூறு கிலோவை நெருங்கும் என்பதைக் கியூரிங் தொட்டியில் இறக்கி ஏற்றிய என் இடுப்பு நன்கு அறியும். தண்ணீர் அளவை மாற்றாமலே சாம்பல் கலவைகள் கரண்டிக்கு இளகிக் கொடுத்தன. துகள்கள் உருண்டையாக இருப்பதால் குண்டுமணிகளைப் போல உருண்டு கொடுக்கின்றன. "இது நல்லா ஓடுது தம்பி" என்று ஆய்வக உதவியாளர் அண்ணன் சொன்னபோது, வெற்றி பெற்றுவிட்டதாகவே நினைத்தேன்.

ஏழாம் நாள் அந்த நினைப்பு உடைந்தது. சாம்பல் இல்லாத கியூப் சதுர மில்லிமீட்டருக்கு 24 நியூட்டன் தாங்க, 25 சதவீதக் கலவை 18-இலும் 35 சதவீதக் கலவை 15-இலும் நொறுங்கின. சாம்பலைத் தவறாகத் தேர்ந்துவிட்டேனோ என்று இரண்டு நாள் உறக்கமில்லை. ஆனால் சாம்பலின் வேலை முறையே அப்படித்தான்: சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது விடுபடும் கால்சியம் ஹைட்ராக்சைடை, சாம்பலிலுள்ள சிலிக்கா மெல்ல மெல்லப் பற்றிக்கொண்டு புதிய பிணைப்புப் பசையை உண்டாக்குகிறது. சிமென்ட் முதலில் உழைத்துக் கொடுத்தால்தான் சாம்பலுக்கு வேலை கிடைக்கும். அதுவரை ஈரமும் குறையக் கூடாது. கான்கிரீட்டுக்கான இந்திய விதித்தொகுப்பு ஐ.எஸ். 456, சாதாரண சிமென்ட்டுக்கு ஏழு நாள் நீராற்றுதல் போதும் என்று சொல்லிவிட்டு, சாம்பல் சேர்ந்தால் குறைந்தது பத்து நாள் என்று கேட்பதன் காரணம் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கியூபுக்குக் கியூப் வலிமை ஏறி இறங்கும் என்பதால், எம்25-க்குக் கலவை வடிவமைப்பில் எட்ட வேண்டிய சராசரி வலிமை 25 அல்ல, 31.6. இருபத்தெட்டாம் நாளில் 25 சதவீதக் கலவை 32-ஐத் தொட்டது. 35 சதவீதம் 28-இல் நின்றுவிட்டது. ஐம்பத்தாறாம் நாளில் 25 சதவீதம், சாம்பலே இல்லாத கலவையோடு தோளுரசி நின்றது. 35 சதவீதமும் 34-க்கு ஏறிவிட்டது. இவை இந்தச் சாம்பலுக்கு மட்டுமே உரிய எண்கள். பழுப்பு நிலக்கரி எரியும் நெய்வேலியின் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து கூடுதலாக இருப்பதால், அதற்குப் புதிதாகச் சோதனை செய்தாக வேண்டும்.

வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இவ்வளவு நன்மை இருந்தும் மேஸ்திரிகள் ஏன் தயங்குகிறார்கள்?" நுண்கட்டமைப்புப் படங்களைக் காட்டத் தயாராக இருந்த நான், சற்று யோசித்து, சென்டரிங் பலகைகளுக்கு நாள் வாடகை என்று சொன்னேன். முட்டுகளைப் பிரிக்க இன்னும் ஒரு வாரம் பொறுக்கச் சொன்னால், சிமென்ட்டில் மிச்சமான பணம் வாடகையில் போய்விடுகிறது. அவர் சிரித்துவிட்டு, அந்த வாடகைக் கணக்கையும் ஒரு பக்கமாக எழுதிச் சேர்த்துக் கொடுக்கும்படி சொல்லி ஆய்வேட்டைத் திருப்பித் தந்தார்.