கோத்தகிரி மாமாவும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஆவாரையும்

கோத்தகிரியில் ஐப்பசி கார்த்திகை மழையில் நனைந்து வளர்ந்தவள் நான். கல்யாணமாகி வந்து சேர்ந்ததோ ஆஸ்திரேலியாவின் நட்டநடுவில் இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ். வருஷத்துக்குச் சராசரியாக 280 மில்லிமீட்டர் மழை, அதுவும் பெய்தால் உண்டு. எங்கு பார்த்தாலும் செம்மண். ஜூன், ஜூலையில் விடியற்காலையில் உறைபனி விழும். நீலகிரிக்காரிக்குப் பழகிய சங்கதி அது ஒன்றுதான்.

வாடகை வீட்டின் பின்வேலியோரம் இடுப்புயரத்துக்கு ஒரு புதர். அந்தக் குளிர்காலத்தில் அது மஞ்சளாகப் பூத்துத் தள்ளியதைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். அம்மா காரமடையில் பிறந்தவள். "ஆவாரம்பூ அங்கயும் இருக்குதா?" என்றாள்.

பூ அப்படித்தான் இருந்தது, இலைதான் இடித்தது. ஆவாரைக்குச் சிற்றிலை பச்சையாய், அகலமாய் இருக்கும். இதற்கு ஊசியாய் மெலிந்து, மெல்லிய ரோமம் படர்ந்து, வெள்ளிச் சாம்பல் நிறத்தில் இருந்தது. வெயிலையும் வறட்சியையும் தாங்குவதற்கான ஏற்பாடு. பூவைக் கிட்டத்தில் பார்த்தால் இன்னொரு வேடிக்கை. மகரந்தப்பை வெடித்துத் திறப்பதில்லை, நுனியில் சிறு துளைதான். உள்ளூர்க் காட்டுத்தேனீ பூவைக் கவ்விக்கொண்டு உடம்பை அதிரவைக்கும்போது மகரந்தம் கொட்டுகிறது. கூட்டில் வளர்க்கும் சாதாரணத் தேனீக்கு அந்த வித்தை வராது.

ஊரிலேயே ஆலிவ் பிங்க் தாவரவியல் பூங்கா இருக்கிறது. ஆலிவ் பிங்க் என்ற பெண்மணி 1956இல் வறண்ட நிலத் தாவரங்களுக்கென்றே தொடங்கியது. அங்கே என் புதரின் அண்ணன் தம்பிகள் பெயர்ப்பலகையோடு நின்றார்கள்: சென்னா ஆர்ட்டிமிசியாய்டிஸ், பேச்சுவழக்கில் சில்வர் கேசியா. நம் ஆவாரை சென்னா ஆரிகுலேட்டா. ஆக, அம்மா சொன்னது முக்கால்வாசி சரி. ஆனால் இந்த இனத்துக்குள்ளேயே பல வடிவங்கள் உண்டு. சிலவற்றில் சிற்றிலையே இல்லாமல் தட்டையான காம்பு மட்டும் இலை வேலை பார்க்கும். பூவை மட்டும் வைத்துப் பெயர் சொல்வது ஆகாத காரியம்.

காய்கள் தட்டையாகக் காய்ந்து, காகிதமாய்ச் சலசலத்தன. விதையை நகத்தால் கீறக்கூட முடியவில்லை. கோத்தகிரியில் மாமாவுக்கு போன் போட்டேன். வனத்துறை நாற்றங்காலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "நம்ம சீகை வெதை மாதிரிதான் கண்ணு. அடுப்புல இருந்து எறக்குன கொதிதண்ணிய ஊத்தி ராத்திரி பூரா அப்படியே விட்டுரோணும். ஊதுனத வெதச்சுரு. ஊதாதத மறுபடி போடு" என்றார்.

சீகை என்று நீலகிரியில் நாம் சொல்லும் வாட்டில் மரமே ஆஸ்திரேலியாவில் இருந்து வந்ததுதான். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தார்கள், அப்புறம் தோல் பதனிடும் பட்டைக்காக நம் வனத்துறையும் மலை மலையாக நட்டது. ஆஸ்திரேலிய விதையை முளைக்கவைக்கும் பக்குவம் எனக்குக் கோத்தகிரியில் இருந்து கிடைத்தது இப்படித்தான். அதே கெட்டித் தோலால்தான் சீகை விதை மண்ணுக்குள் பல வருஷம் கிடந்து, தீ பட்டதும் முளைத்துப் புல்வெளியை விழுங்குகிறது. ஆலிஸிலும் இதே கதைதான், ஆள்தான் வேறு: கொங்குச் சீமையில் காங்கேயம் மாடு மேயும் கொழுக்கட்டைப்புல் அங்கே பாலைவனத்தை நிரப்பித் தீயை வளர்க்கிறது. 2024இல் களை என்றே அறிவித்துவிட்டார்கள். அதனால் லீவுக்கு ஊருக்கு வந்த என்னிடம் "ஒரு பிடி விதை கொண்டாந்திருக்கலாம்ல?" என்று அத்தை கேட்டபோது, நான் வாயைத் திறக்குமுன் மாமாவே முறைத்தார்.

அங்கே கோடையில் 40 டிகிரி தாண்டும். மார்ச் வரை பொறுத்து, ஆற்றுமணல் கூடுதலாகக் கலந்து விதைத்தேன். ஆணிவேர் ஆழம் தேடும் செடி, அதனால் சின்னதாக இருக்கும்போதே தொட்டியில் இருந்து நிலத்துக்கு மாற்றிவிட வேண்டும். தண்ணீரை அளவோடு ஊற்ற வேண்டும். மழைக்காட்டுக் கைக்கு அதுதான் பெரிய பாடு.

இப்போது முழங்கால் உயரம் வந்துவிட்டது. பொங்கலுக்குக் காப்புக் கட்ட மட்டும் உதவாது, ஜனவரியில் அது பூப்பதில்லை. அதற்கும் அம்மாவிடம் வழி இருந்தது. "ஆடியிலதானே பூக்குது? மாரியாத்தாளுக்கு வெச்சுரு."