கையெழுத்திலிருந்து மீண்டும் கைநாட்டுக்கு

சென்ற மார்கழியில் ஒரு காலை, அம்மிச்சியை, அதாவது என் அம்மாவின் அம்மாவை, வண்டியில் உட்காரவைத்து ரேஷன் கடைக்கு அழைத்துப் போனேன். கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில், தடப்பள்ளி வாய்க்கால் பாயும் சிற்றூர் எங்களுடையது. அப்புச்சி காலமான பிறகு அம்மிச்சியின் குடும்ப அட்டையில் இருப்பது அவர் பெயர் ஒன்றுதான். அவருக்குப் பதிலாக விரல் வைக்க வேறு ஆள் இல்லை. வலது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், பிறகு இடது கை என்று நான்கு முறை வைத்தும் கருவி ஏற்கவில்லை. விற்பனையாளர் நல்ல மனிதர். "ரேகை உழுகுல ஆத்தா, முந்தானைல நல்லாத் தொடச்சுட்டு இன்னொருக்கா வைங்க" என்றார். அம்மிச்சி துடைத்தார், விரலை வாயருகே கொண்டுபோய் ஊதினார், மறுபடியும் வைத்தார். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது முறையும் விழாதபோது என் பக்கம் திரும்பி, "நாந்தான்னு நீ சொல்லு கண்ணு" என்றார்.

அந்த விரல்களில் ரேகை ஏன் இல்லை என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் மஞ்சள் காட்டில் பாடுபட்ட கைகள் அவை. வெட்டிய மஞ்சளின் மண்ணை உதறி, கிழங்கு வேறு விரலி வேறு என்று முறித்துப் பிரிப்பது எங்கள் பக்கம் பெண்களின் வேலை. அதை நாள் முழுக்க, வருடம் தவறாமல் செய்துவந்தால் தோல் மெல்ல மெல்லத் தேய்ந்துபோகும். அன்று வீட்டுக்கு வந்து அந்தக் கட்டைவிரலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். நடுவில் ஒரு பழைய வெட்டுத் தழும்பு. அதைச் சுற்றி வாழைத்தண்டின் உட்புறம் போல வழவழவென்று ஒரு வட்டம். நகக்கண்ணில் மட்டும் எத்தனை கழுவினாலும் போகாத மஞ்சள்.

2018 மார்ச்சில் ஆதார் ஆணையம் உச்ச நீதிமன்றத்தில் வைத்த விவரத்தின்படியே, அரசுச் சேவைகளுக்கான சரிபார்ப்பில் வெற்றி பெற்றது 88 விழுக்காடுதான். மீதி 12 விழுக்காட்டை இயந்திரத்தின் சிறு பிழை என்று கடந்துபோக என்னால் முடியவில்லை. அந்தக் கணக்குக்குள் சாயப்பட்டறையில் நின்றவர்களும், தென்னை மட்டை உரித்தவர்களும், கல் உடைத்தவர்களும், என் அம்மிச்சியும் இருக்கிறார்கள். விரலில் ரேகை தேயாமல் இருப்பவர்கள் பெரும்பாலும் ரேஷன் அரிசியை நம்பி இருப்பவர்கள் அல்லர்.

கைநாட்டு என்ற சொல்லை எங்கள் ஊரில் எப்படிச் சொல்வார்கள் என்பது படிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவரை இளக்காரமாகக் குறிக்கும் சொல் அது. 1990-களில் அறிவொளி இயக்கத்தார் வந்து பள்ளிக்கூடத் திண்ணையில் இரவு வகுப்பு நடத்தியபோது, காட்டு வேலை முடித்துக் களைத்து வந்த அம்மிச்சி நாற்பது வயதுக்கு மேல் சிலேட்டுப் பிடித்தார். அவர் முழுதாகக் கற்றுக்கொண்டது தன் பெயரை மட்டும்தான். கொங்குப் பெண்களின் பெயர்கள் பலவற்றில் வருவது போலவே அவர் பெயரும் 'ள்' என்று முடியும். அந்தக் கடைசிப் புள்ளியைத் தாளில் பள்ளம் விழும்படி அழுத்தி வைப்பார். பால் சொசைட்டிப் புத்தகத்தில் மையொற்றிய விரலை உருட்டிக்கொண்டிருந்தவர் கையெழுத்துப் போட்ட நாளை இன்றும் மறக்காமல் சொல்வார். கையெழுத்தை ஒருவர் யோசித்துப் போடுகிறார். வேண்டாம் என்றால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோகலாம். ரேகை உடம்பிலிருந்து எடுக்கப்படுவது. களவு போனால் மாற்றிக்கொள்ள வேறு விரல் கிடையாது. முப்பது ஆண்டுகளில் நாட்டையே மறுபடியும் கைநாட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்பது எனக்கு உள்ளபடியே வருத்தம் தருகிறது.

சட்டம் நம் பக்கம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. தனித்து விடப்படும் உரிமை என்பதைத் தெளிவாக வரையறுத்த தொடக்ககாலத் தீர்ப்புகளில் ஒன்று தமிழ்நாட்டிலிருந்து எழுந்த வழக்கில்தான் வந்தது: மரண தண்டனைக் கைதியான ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை வெளியிடக் கூடாது என்று சிறைத்துறை தடுக்க முயன்றபோது, நக்கீரன் ஆசிரியர் ராஜகோபால் தொடுத்த வழக்கில் 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தனிமனித அந்தரங்கத்தையும் பத்திரிகைச் சுதந்திரத்தையும் ஒருசேரப் பேசியது. பிறகு கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தார்கள். அடுத்த ஆண்டு செப்டம்பர் 26 அன்று ஆதார் வழக்கில் வந்த தீர்ப்பு நான்குக்கு ஒன்று என்று பிரிந்தது. சிம் கார்டுக்கும் வங்கிக் கணக்குக்கும் ஆதாரைக் கட்டாயமாக்கியதைப் பெரும்பான்மைத் தீர்ப்பு நீக்கியது. தனியார் நிறுவனங்கள் ஒப்பந்தத்தின் பேரில் ஆதாரைக் கேட்பதற்கு இடம் தந்த 57-ஆம் பிரிவையும் அந்த அளவில் செல்லாது என்றது. ஆனால் மானியத்துக்கும் நலத் திட்டங்களுக்கும் அதை நிலைநிறுத்தியது. அதாவது, போன் வாங்குகிறவருக்குக் கிடைத்த விடுதலை அரிசி வாங்குகிறவருக்குக் கிடைக்கவில்லை. மறுப்புத் தீர்ப்பு எழுதிய நீதிபதி சந்திரசூட், ஆதார் சட்டத்தை, மாநிலங்களவையின் ஒப்புதல் தேவைப்படாத பண மசோதாவாக நிறைவேற்றியதே அரசியல் சட்டத்துக்கு எதிரான மோசடி என்றார். சட்டம் படிக்காதவன் நான். ஆனாலும் அந்தத் தீர்ப்பின் பக்கம்தான் என் மனம் நிற்கிறது.

பிழைப்புக்கு நான் இருப்பது திருப்பூரில், ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில். ஆகவே இந்த விஷயத்தின் மறுபக்கத்தையும் தினமும் என் கையால் செய்துகொண்டிருக்கிறேன். எங்கள் வாசலில் முதலில் விரல் வைக்கும் கருவி இருந்தது. கட்டிங், செக்கிங், அயர்ன் ஆட்களுக்கெல்லாம் சரியாக விழவில்லை என்று முகம் காட்டும் கருவிக்கு மாறினோம். விரல் கருவியைத் தந்த நிறுவனத்தாரிடம், ஏற்கெனவே எடுத்த ரேகைப் பதிவுகளை அழித்துவிட்டீர்களா என்று இரண்டு முறை கேட்டேன். பராமரிப்புக் கட்டண பாக்கியைப் பற்றிப் பதில் வந்தது. ரேகைகளைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. வேலையை விட்டுப் போன பலருடைய விரல்கள் இன்னமும் யாருடைய கணினியிலோ வேலை பார்த்துக்கொண்டிருக்கின்றன. சேரும் நாளில் அவர்களிடம் ஒப்புதல் படிவம் வாங்கியிருந்தோம் என்பது உண்மை. ஒன்றரை ஷிப்ட் கிடைக்குமா, வாரச் சம்பளமா என்பதைத் தவிர வேறெதையும் கேட்கும் நிலையில் இல்லாத ஒருவர், ஆங்கிலத்தில் அச்சடித்த தாளில் போடும் கையெழுத்தை ஒப்புதல் என்று நான் எப்படிச் சொல்வேன்?

2023 ஆகஸ்டில் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதைச் சரிசெய்யும் என்று நம்பியிருந்தேன். வேலை தொடர்பான காரியங்களுக்கு, முதலாளியை நட்டத்திலிருந்து காப்பதற்கு என்றால் ஊழியரின் ஒப்புதலே தேவையில்லை என்று அதன் 7-ஆம் பிரிவு சொல்கிறது. 17-ஆம் பிரிவின்படி, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைச் சொல்லித் தன் எந்த அமைப்பையும் இச்சட்டத்துக்கு வெளியே நிறுத்திக்கொள்ள மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு. முறைகேட்டை விசாரிக்க வேண்டிய வாரியத்தின் உறுப்பினர்களையும் அதே அரசுதான் நியமிக்கிறது. போதாததற்கு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவையும் இந்தச் சட்டத்தின் வழியே திருத்தி, தனிநபர் தகவல் என்று சொல்லி அதிகாரிகள் பதில் மறுப்பதை எளிதாக்கிவிட்டார்கள். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டபோது, நிறுவனங்களுக்கான கடமைகள் பெரும்பாலும் 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும் என்றார்கள். தகவல் உரிமையில் விழுந்த வெட்டு மட்டும் உடனே நடைமுறைக்கு வந்துவிட்டது. எந்தப் பக்கத்துக்கு அவசரம் இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கம்பெனி சேர்த்துவைப்பது அரசின் கைக்கு எப்படிப் போகிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் என் பங்கும் இருக்கிறது. எங்களிடம் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். ஒருநாள் காவல்துறையிலிருந்து போன் வந்தது: வெளிமாநில ஆட்களின் பட்டியலை ஆதார் நகலோடு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் என்றார்கள். எழுத்தில் உத்தரவு இல்லை, காரணம் இல்லை, எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்ற சொல் இல்லை. மதியத்துக்குள் அனுப்பிவிட்டேன். அந்தப் பிள்ளைகளில் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஒருவருடைய தொலைபேசியை ஒட்டுக்கேட்பதென்றால்கூட பொது அவசர நிலையோ பொதுப் பாதுகாப்போ காரணமாக இருக்க வேண்டும், குற்றத்தைத் துப்புத் துலக்குவதற்காக மட்டும் இரகசியமாகக் கேட்கக் கூடாது என்று 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி, அதற்காக மத்திய உள்துறை 2011-இல் பிறப்பித்த ஓர் உத்தரவை ரத்து செய்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது நான் அனுப்பிய பட்டியல்தான் நினைவுக்கு வந்தது. அன்று எழுத்தில் கேளுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். இப்போது அப்படித்தான் சொல்கிறேன்.

பிறப்பை வைத்து மனிதரைப் பட்டியலிடுவதற்குத் தமிழ்நாட்டில் ஒரு முன்கதை உண்டு. சில சாதிகளையே குற்றவாளிகளாக அறிவித்த ஆங்கிலேயர் காலக் குற்றப் பழங்குடிகள் சட்டத்தை மதுரைப் பக்கத்து மக்கள் ரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். ஒரு குற்றமும் செய்யாதவரும், அந்தச் சாதிகளில் பிறந்துவிட்டால் ரேகை பதிய வேண்டும். மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை சுட்டதில் பதினாறு பேர் இறந்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-இல்தான் நீங்கியது. இன்றைய பட்டியலும் அன்றைய பட்டியலும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. பட்டியல் எடுப்பவரின் நல்லெண்ணத்தை நம்பிப் பட்டியலைக் கொடுக்கக் கூடாது என்று மட்டும் சொல்கிறேன். எடுத்தவர் மாறிப் போவார், பட்டியல் இருக்கும். பத்திரமாகவும் இருக்காது: தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாள மென்பொருள் தளத்துக்குள்ளேயே 2024 மே மாதம் வெளியாள் புகுந்துவிட்டார்.

நிறுவனங்களின் பிடி இன்னும் நெருக்கமானது. எங்கள் செக்கிங் பிரிவில் ஓர் அக்கா, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகப் போன் செயலி ஒன்றில் ஐயாயிரம் ரூபாய் கடன் வாங்கினார். தவணை தப்பிய நான்காம் நாள், அவர் போனில் எண் இருந்த அத்தனை பேருக்கும் அவர் புகைப்படத்தோடு திருடி என்று செய்தி போனது. சம்பந்தி வீட்டுக்கும் போனது, எனக்கும் வந்தது. கந்துவட்டிக்காரர் வாசலில் வந்து கத்தினால் தெருவுக்குத்தான் தெரியும். தொடர்பு எண்களையும் படங்களையும் கடன் செயலிகள் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே நெறிமுறை வகுத்திருக்கிறது. உரிமம் இல்லாத செயலிக்காரர் அதை எங்கே மதிக்கப் போகிறார்? அக்கா இரண்டு வாரம் வேலைக்கு வரவில்லை.

தப்பு செய்யாதவருக்கு என்ன பயம் என்று கேட்பவர்கள் எங்கள் அலுவலகத்திலும் உண்டு. ரேஷன் அரிசி கேரளத்துக்குக் கடத்தப்படுவதை இதைக் கொண்டு தடுக்கலாமே என்பார்கள். கடத்தல் நடக்கிறது, அது தடுக்கப்பட வேண்டியதுதான். வாளையாறு வழியாக இரவில் லாரியில் போகும் அரிசிக்கு அங்கே யாரும் விரல் கேட்பதில்லை. விரல் வைக்கச் சொல்லி வரிசையில் நிற்கவைக்கப்படுவது மாதம் சில கிலோ வாங்க வந்த கிழவி.

மார்கழிக்குத் திரும்புகிறேன். ரேகை விழவில்லை என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பொருள் தரலாம் என்று தமிழ்நாடு அரசு கடைகளுக்கு அறிவுறுத்தியிருப்பது எனக்குத் தெரியும். அதைச் சொன்னேன். விற்பனையாளர் தயங்கினார், கையால் எழுதிக் கொடுத்தால் மேலே கேள்வி கேட்பார்கள் என்றார். நான் ஒரு தாளில் நடந்ததை எழுதி, தேதியும் நேரமும் போட்டு, என் பெயரில் கொடுத்தேன். அவர் யாருக்கோ போன் செய்து பேசிவிட்டு, மேசைக்கு அடியிலிருந்து ஓரம் மடங்கிய நீளநோட்டு ஒன்றை எடுத்துத் தூசி தட்டினார்.

பேனாவை வாங்கிய அம்மிச்சி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, எந்தக் கட்டம் என்று கேட்டார். வரிசையில் நின்றவர்கள் சலிக்காமல் காத்திருந்தார்கள். ஒவ்வோர் எழுத்தாக வாய்க்குள் சொல்லிக்கொண்டே எழுதி, கடைசியில் 'ள்'ளுக்கு மேலே புள்ளியை அழுத்தி வைத்தார். "படிக்க வருதுங்களா தம்பி?" என்று கேட்டார். விற்பனையாளர் உரக்கப் படித்துவிட்டு, அரிசியை நிறுக்கப் போனார்.