வெண்பிட்டம் தெரிய ஒரு படம்: ஷையன் பாட்டம்ஸில் ஒரு மே மாத நாள்

ஒயிட் ரம்ப்டு சேண்ட்பைப்பர் எனப்படும் வெண்பிட்ட உள்ளானைப் பலமுறை படம் பிடித்திருந்தாலும், அதன் பெயருக்குக் காரணமான வெள்ளைப் பட்டை ஒரு படத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை. மடங்கிய சிறகுகள் பிட்டத்தை முழுவதும் மூடிவிடுவதால், பறவை பறக்கும்போதோ சிறகை விரிக்கும்போதோ மட்டுமே அது கண்ணில் படும். கோடியக்கரையில் கர்லூ சேண்ட்பைப்பரின் வெள்ளைப் பிட்டத்தைப் படமெடுக்க முயன்றவர்களுக்கு இந்தச் சிக்கல் நன்றாகத் தெரிந்திருக்கும். இந்த மே மாத நடுவில் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் உள்ள ஷையன் பாட்டம்ஸ் சதுப்புநிலத்துக்குச் சென்றபோது, வேறு எந்தப் பறவை கவனத்தை இழுத்தாலும் இந்த ஒரு படத்துக்காகவே நாளைச் செலவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

கிரேட் பெண்ட் நகருக்கு அருகே, புல்வெளிச் சமவெளியின் நடுவில் ஏறத்தாழ 41,000 ஏக்கர் பரப்பில் இயற்கையாக அமைந்த தாழ்வான படுகை இது. அமெரிக்காவின் உள்நாட்டுச் சதுப்புநிலங்களில் மிகப் பெரியதாகக் கருதப்படும் இது, 1988ஆம் ஆண்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மாநில அரசின் பராமரிப்பில் உள்ள பகுதியில் கரைகள் எழுப்பிக் குளங்களாகப் பிரித்து, கால்வாய்கள் வழியாக நீரைத் திருப்பி மட்டத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். சில அங்குல நீரும் சேறும் இருக்கும் குளங்களில்தான் சிறு உள்ளான்கள் இறங்கும். சேற்றுக்குள் இருக்கும் இரத்தப்புழுக்களே அவற்றின் முக்கிய உணவு. வறட்சி ஆண்டுகளில் படுகையே காய்ந்துவிடுவதும் உண்டு என்பதால், போகும் முன் எந்தக் குளத்தில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

வெண்பிட்ட உள்ளானுக்கு மே மாதம்தான் சரியான காலம். தென் அமெரிக்காவின் தென்கோடியில் குளிர்காலத்தைக் கழிக்கும் இது, கனடாவின் ஆர்க்டிக் தீவுகளில் இனப்பெருக்கம் செய்ய வடக்கே செல்லும்போது நடுச் சமவெளி வழியாகப் போகிறது. திரும்பும்போது பெரும்பாலும் அட்லாண்டிக் கடல் மார்க்கத்தைப் பிடித்துக்கொள்கிறது. சுமார் 40 கிராம் எடையுள்ள ஒரு பறவை இத்தனை தூரம் போகிறது என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அன்றைய வேலையில் பாதி, காரை எங்கே நிறுத்துவது என்பதைத் தீர்மானிப்பதிலேயே இருந்தது. உள்ளான்கள் காற்றை எதிர்த்து நின்றே மேயும், எழும்பும்போதும் காற்றை எதிர்த்தே எழும்பும். கன்சாஸில் மே மாதக் காற்று பெரும்பாலும் தெற்கிலிருந்து வீசும் என்பதால், குளத்தின் வடகரையில் நின்றால் பறவையின் முதுகு நம் பக்கம் இருக்கும். காலைச் சூரியன் அந்த மாதத்தில் கிழக்குக்குச் சற்று வடக்கே தள்ளி எழுவதையும் சேர்த்துப் பார்த்தால், குளத்தின் வடகிழக்கு மூலையில், அதாவது நம் ஊரில் ஈசானிய மூலை என்போமே, அங்கே நின்று தென்மேற்கு நோக்கிக் கேமராவைத் திருப்பினால் ஒளி முதுகுப்புறமிருந்தும் காற்று முன்புறமிருந்தும் வரும். சூரியன் எழுமுன்பே அந்த மூலைக்குப் போய், எஞ்சினையும் வெப்பக் காற்றையும் நிறுத்தி, கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டுக் காத்திருந்தேன். காருக்குள் வெப்பம் தேங்கியிருந்தால் ஜன்னல் வழியே வெளியேறும் காற்று லென்ஸின் முன்னே அலையாடிப் படத்தின் கூர்மையைக் கெடுக்கும். அரிசி நிரப்பிய துணிப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்து, 500 மி.மீ. லென்ஸை அதன் மேல் கிடத்தினேன். மனிதன் இறங்கி நடந்தால் கூட்டமே எழுந்துவிடும் இடத்தில், அசையாமல் நிற்கும் காரைப் பறவைகள் பொருட்படுத்துவதேயில்லை.

வெளிச்சம் வந்ததும் முதலில் இனங்களைப் பிரிக்க வேண்டியிருந்தது. செமிபால்மேட்டட் சேண்ட்பைப்பர்கள்தான் அதிகம்; அவற்றின் சிறகு நுனி வால் நுனியோடு நின்றுவிடும். மஞ்சள் நிறக் கால்கள் இருந்தால் அது லீஸ்ட் சேண்ட்பைப்பர். சிறகு நுனி வாலைத் தாண்டி நீண்டிருந்தால், அது வெண்பிட்ட உள்ளானாகவோ பெயர்ட்ஸ் சேண்ட்பைப்பராகவோ இருக்க வேண்டும். இவற்றுள் பெயர்ட்ஸின் முதுகு செதில் செதிலாகவும் உடல் சற்று மணல் நிறத்திலும் இருக்கும். வெண்பிட்ட உள்ளானுக்கோ விலாவில் கோடுகள் பின்பக்கம் வரை ஓடும், கீழ் அலகின் அடியில் செம்பழுப்பு தெரியும். எலி கீச்சிடுவது போன்ற அதன் மெல்லிய குரல் காதில் விழுந்தால் சந்தேகமே வேண்டாம்.

பறக்கும் கூட்டத்தைத் துரத்திப் படமெடுப்பதைவிட, குளிக்கும் பறவையைத் தேர்ந்துகொள்வதே புத்திசாலித்தனம் என்பது அன்று எனக்கு உறுதியாயிற்று. நீரில் அமுங்கி எழுந்து இறகுகளை அலகால் கோதியபின், பறவை பெரும்பாலும் ஒரு துள்ளலோடு சிறகுகளை முழுவதும் விரித்து உதறும். அந்த உதறல் வருமுன் கோதுவது நின்று உடல் சற்று நிமிர்கிறது. அந்த நிமிர்வைக் கண்டதும் ஷட்டரை அழுத்தினால் விரிந்த சிறகு ஃபிரேமுக்குள் வருகிறது. மேயும் பறவைக்கு 1/1000 நொடி ஷட்டர் வேகம் போதும் என்றாலும், உதறலுக்கு 1/3200 வரை போக வேண்டியிருந்தது. வெள்ளைப் பட்டை ஒளியில் வெளுத்துப் போகாதிருக்க எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்தேன். பின்னணிச் சேறு கருமையாக இருப்பதால், அதை நம்பி அளக்கும் கேமரா பறவையை வெளுப்பாக்கிவிடும்.

எட்டு மணிக்குள் அந்தப் படம் கிடைத்தது. இரு சிறகுகளும் உயர்ந்து, வாலுக்கு மேலே வளைந்த வெள்ளைப் பட்டை முழுவதும் தெரிய, தலை மட்டும் சற்றுத் திரும்பியிருக்கிறது. கண்ணில் ஒளிப்புள்ளி இல்லை என்பது ஒரு குறை. ஆனால் இனத்தை அடையாளம் காண உதவும் படமாக இதை நான் எந்த அழகான படத்துக்கும் மேலாக வைப்பேன். அழகு மட்டும் உள்ள சேண்ட்பைப்பர் படங்களில் பல, எந்த இனம் என்று கேட்டால் விடை சொல்ல முடியாதவை.

பத்து மணிக்குமேல் சேற்றின் மீது கானல் எழுந்துவிட, தூரத்துப் பறவைகள் கொழகொழவென்று கலங்கின. அதற்குப்பின் அருகில் வருபவற்றை மட்டும் எடுத்தேன்: நீரில் சுழன்று சுழன்று இரையை மேலே கிளப்பும் வில்சன்ஸ் ஃபலரோப்புகள், கோணமூக்கு உள்ளான்கள், நம் நெடுங்கால் உள்ளானின் நெருங்கிய உறவான கருங்கழுத்து இனம், சம்புக்கோரைக்கு மேலே அமர்ந்து துருப்பிடித்த கீல் போலக் கத்தும் மஞ்சள் தலைக் கரும்பறவை. ஃபலரோப்புகளில் பளிச்சென்ற நிறம் பெண்ணுக்குத்தான். அடை காப்பது ஆண்.

மாலையில் சூரியன் வடமேற்கில் இறங்குவதால், அதே கணக்கின்படி வாயு மூலைக்குக் காரை மாற்றித் தென்கிழக்கு நோக்கி அமர்ந்தேன். காற்று வலுத்திருந்ததால் பறவைகள் குளிப்பதைக் குறைத்துக்கொண்டன. எடுத்தவற்றில் பெரும்பாலானவற்றை அன்றிரவே அழித்துவிட்டேன். வெண்பிட்ட உள்ளான் இனி அடுத்த வசந்தத்தில்தான் இந்த வழியே வரும். லீஸ்ட் சேண்ட்பைப்பர்கள் ஜூலையிலேயே தெற்கு நோக்கித் திரும்பத் தொடங்கும் என்பதால், கண்ணில் ஒளிப்புள்ளியும் விரிந்த சிறகும் ஒரே படத்தில் அமையுமா என்பதை முதலில் அவற்றிடம் பார்க்க எண்ணியிருக்கிறேன்.