7805-க்கு எவ்வளவு பெரிய ஹீட் சிங்க் வேண்டும்?

12 வோல்ட் அடாப்டரிலிருந்து 5 வோல்ட் எடுக்க 7805 ரெகுலேட்டர் போட்டு ஒரு சின்ன பவர் சப்ளை செய்துகொண்டிருக்கிறேன். அரை ஆம்பியர் ஓடினால் மிச்ச 7 வோல்ட்டும் சிப்பிலேயே வெப்பமாகிறது. அதாவது 3.5 வாட். அந்த வெப்பத்தை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் துண்டுதான் ஹீட் சிங்க். கையில் கிடைத்த சிங்கை மாட்டிவிடாமல், இந்த முறை கணக்குப் போட்டே வாங்குவது என்று உட்கார்ந்தேன்.

ஒரு வாட் வெப்பம் கடந்துபோக இரண்டு பக்கத்துக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் வேண்டும் என்பதுதான் வெப்பத்தடை. அதனால் அலகு, வாட்டுக்கு இத்தனை டிகிரி செல்சியஸ். சில டேட்டாஷீட்டில் கெல்வின் என்று இருக்கும். வித்தியாசத்தைத்தானே அளக்கிறோம், எண் மாறாது. கட்டட இன்சுலேஷனுக்குச் சொல்லும் ஆர் மதிப்பில் மட்டும் சதுர மீட்டரும் சேர்ந்து வரும், அதை இதோடு குழப்பக் கூடாது. மற்றபடி ஓம் விதியேதான்: வாட் கரண்ட், டிகிரி வித்தியாசம் வோல்ட்டேஜ். அடுத்தடுத்து வரும் தடைகளைக் கூட்டிக்கொண்டே போகலாம்.

என்னிடமுள்ள டேட்டாஷீட்படி, உள்ளே இருக்கும் சிலிக்கானிலிருந்து உறை வரை 5. சிங்க் இல்லாமல் காற்று வரை 65. 65 பெருக்கல் 3.5 என்றால் 227 டிகிரி ஏற வேண்டும். அதற்கு வெகு முன்பே சிப் தன்னை அணைத்துக்கொள்ளும். அறை 35, சிலிக்கானுக்கு வரம்பு 125 என்று வைத்தால் மொத்தத் தடை 25.7-ஐத் தாண்டக் கூடாது. சிப்புக்குள் 5, சிப்புக்கும் சிங்குக்கும் நடுவே தடவும் பேஸ்ட்டுக்கு 1 போனால் சிங்குக்கு 19 சொச்சம். வரம்பை உரசிக்கொண்டு ஓட்ட மனம் வரவில்லை. 10 என்று குறித்த சிங்கை வாங்கினேன்.

அப்புறம் 10 ஓம் சிமென்ட் ரெசிஸ்டரை லோடாகப் போட்டு, சூடு ஏறி நிலைக்கும்வரை விட்டேன். அறை 32, சிப்பை ஒட்டிச் சிங்கில் வைத்த தெர்மோகப்பிள் 69. 37-ஐ 3.5-ஆல் வகுத்தால் 10.6. குறித்திருந்ததற்கு இவ்வளவு பக்கத்தில் வந்தது பெரிய சந்தோஷம். அதே இடத்தில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் 41 தான் காட்டியது. பளபளக்கும் அலுமினியம் அகச்சிவப்புக் கதிரைக் குறைவாகவே வெளிவிடும். ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியதும் 67-க்கு வந்துவிட்டது. துடுப்புகள் நிமிர்ந்து நிற்கும்படி வைத்த அளவு இது. படுக்கப் போட்டால் காற்று மேலே ஏற வழியில்லாமல் சூடு இன்னும் கூடுகிறது.

அடுத்தது எல்எம்317 என்ற இன்னொரு ரெகுலேட்டர். 7805-இன் உலோக முதுகு கிரவுண்டு என்பதால் நேராகச் சிங்கில் முடுக்கிவிட்டேன். 317-க்கு அந்த முதுகு அவுட்புட், நடுவில் மின்சாரத்தைத் தடுக்கும் மைக்கா தகடு வைத்தாக வேண்டும். அந்தத் தகட்டின் தடையையும் கூட்டிக்கொண்டு சிங்கைத் தேட வேண்டும்.